தண்ணி லாரி பில்லில் தண்ணீருக்கு எவ்வளவு?



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், படப்பை, மணிமங்கலம் பக்கம் ஃப்ளாட் அல்லது பிளாட் பார்க்கிறவங்க கிட்ட இருந்து வர்ற கேள்விகள் பெரும்பாலும் மூணுதான். லோன் எவ்வளவு கிடைக்கும்? பழைய வரி முறையா, புது முறையா? இப்ப வாங்கலாமா, இன்னும் ரெண்டு வருஷம் பொறுக்கலாமா? "அங்க தண்ணி எங்கிருந்து வருது, அதுக்கு யார் பணம் கட்டுறாங்க?"ன்னு கேட்கிறவங்க குறைவு. இந்தப் பதிவு அந்தக் கேள்வியைப் பத்தினது. இதுல உங்க இஎம்ஐயும் இருக்கு, நம்ம ஏரியாவின் ஏரிகளும் இருக்கு.

முதல்ல ஒரு பில்லைப் பிரிச்சுப் பார்ப்போம்.

பில்லுக்குள் என்ன இருக்கு?

ஒரு உதாரணக் கணக்கு வச்சுக்கலாம். 40 வீடு உள்ள அபார்ட்மென்ட். 12,000 லிட்டர் லாரி ஒண்ணு 2,000 ரூபாய். கோடையில் ஒரு நாளைக்கு ரெண்டு லோடு. மாசம் 60 லோடு, 1,20,000 ரூபாய். வீட்டுக்கு 3,000 ரூபாய். வருஷத்துக்கு நாலு மாசம் இப்படின்னா ஒரு வீட்டுக்கு 12,000 ரூபாய்.

அந்த 2,000 ரூபாயில் என்னென்ன இருக்கு? டீசல், டிரைவர் சம்பளம், லாரியோட டியூ, மோட்டார் ஓட்டின செலவு, கிணறு அல்லது போர் வச்சிருக்கிற நிலத்துக்காரருக்கு ஒரு லோடுக்கு இவ்வளவுன்னு ஒரு தொகை, லாரி ஓனரோட லாபம். ஒவ்வொண்ணும் ஒரு மனுஷனோட உழைப்புக்கோ முதலீட்டுக்கோ போகுது, அது நியாயம்தான். ஆனா நிலத்தடியில் இருந்த தண்ணீர் குறைஞ்சுதே, அதுக்கு இந்தப் பில்லில் எந்த வரியும் இல்லை. கணக்கு மொழியில் சொன்னா நாம கட்டினது முழுக்க எடுக்கிற கூலியும் வண்டி வாடகையும். சரக்கோட விலை பூஜ்யம்.

ஏன் பூஜ்யம்? இதுக்கு ஒரு சட்டப் பின்னணி இருக்கு. 1882-ல் பிரிட்டிஷ் ஆட்சியில் வந்த இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, தன் நிலத்துக்கு அடியில் இருக்கிற தண்ணீரை எடுத்துக்கிற உரிமை நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு உண்டு. அப்ப ஏற்றமும் கமலையும்தான் இருந்தது. மாடு கட்டி இறைச்சா எவ்வளவு எடுக்க முடியும்? இப்ப அதே உரிமை நீர்மூழ்கி மோட்டாரோட சேர்ந்திருக்கு. நிலத்துக்கு எல்லைக்கல் இருக்கு, அடியில் இருக்கிற தண்ணீருக்கு எல்லைக்கல் கிடையாது. ஒருத்தர் போர்ல ராத்திரி பகலா இறைச்சா, பக்கத்து வயல்காரரோட கிணறும் சேர்ந்துதான் இறங்கும்.

அந்தப் பக்கத்து வயல்காரர் என்ன பண்ணுவார்? போரை இன்னும் ஆழமாப் போடுவார், இல்லைன்னா பயிரை விடுவார். அவர் செலவழிக்கிற அந்தப் பணம்தான் நம்ம லாரி பில்லில் வராத மீதித் தொகை. அதை நாமும் கட்டல, தண்ணி வித்தவரும் கட்டல, லாரிக்காரரும் கட்டல. இந்த வியாபாரத்துல பத்து பைசா சம்பாதிக்காத ஒருத்தர் கட்டுறார். பொருளாதாரத்தில் இதுக்குப் பேரு எக்ஸ்டர்னாலிட்டி, தமிழில் புறவிளைவு. வாங்குறவருக்கும் விக்கிறவருக்கும் நடுவுல நடக்கிற பேரத்தோட செலவு, பேரத்துல இல்லாத மூணாவது ஆள் தலையில் விழுறது.

தண்ணி விக்கிற விவசாயியைக் குத்தம் சொல்லி இங்க பிரயோஜனம் இல்லை. நெல்லுல கிடைக்கிறதை விட லோடு கணக்குல அதிகம் கிடைச்சா, யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க. விலை சொல்ற திசையில்தான் மனுஷன் போவான். அந்த விலையிலேயே ஒரு பாதி விடுபட்டிருக்கு, அங்கதான் சிக்கல்.

விடுபட்ட பில் எங்க போய் நிக்கும்?

தமிழ்நாட்டுல இதுக்குப் பெரிய உதாரணம் பாலாறு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத் தோல் பதனிடும் ஆலைகள் கழிவுநீரைச் சுத்தம் பண்ணாம விட்டதால, ஏற்றுமதி விலையில் சுத்திகரிப்புச் செலவு சேரவே இல்லை. தோல் மலிவா விற்றது, வெளிநாட்டுப் பணமும் வந்தது. மறுபக்கம் என்ன ஆச்சு? 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புலேயே ஒரு கணக்கு பதிவாகியிருக்கு: அந்தத் தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுசோ சாகுபடிக்கு லாயக்கில்லாம போயிடுச்சு.

அந்தத் தீர்ப்புதான் "மாசு செய்தவரே பணம் கட்டணும்" என்ற கொள்கையை நம்ம நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதின்னு உறுதியாச் சொன்னது. அதாவது விடுபட்ட வரியை பில்லில் சேருன்னு கோர்ட் சொன்னது. ஆனா பில் லேட்டா போட்டா வசூல் எப்படி இருக்கும்னு கணக்கு பார்க்கிற எங்களுக்குத் தெரியும். 2025 ஜனவரி 30 அன்று, 28 வருஷத்துக்கு மேல கழிச்சு, அதே வேலூர் தோல் ஆலை விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீடு கொடுங்கன்னு மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

இன்னொண்ணு திருப்பூர். நொய்யல் ஆத்துல சாயக்கழிவு கலந்தது. விவசாயத்துக்காகக் கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்குற இடமாப் போச்சு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டு கூட வெளியே விடாம சுத்தம் பண்ணி மறுபடி பயன்படுத்துற ஏற்பாடு செஞ்ச பிறகுதான் ஆலைகள் திரும்ப ஓட முடிஞ்சது. மூடியிருந்த அந்தக் காலத்துல வேலை இழந்தவங்க யாருன்னு நினைச்சுப் பாருங்க. ஆலை முதலாளிக்கு மட்டும் அடி விழல. மாசச் சம்பளத்தை நம்பி இருந்த தொழிலாளிக்கும் விழுந்தது. இயற்கைக்குக் கட்டாத பில் ஒரு நாள் மொத்தமா வரும்போது, சம்பளக்காரங்களும் அதைப் பங்கு போட்டுக் கட்ட வேண்டியிருக்கும்.

நம்ம காரிடாரில் நடந்த நல்ல கணக்கு

இப்ப விலை சரியா வேலை செஞ்ச ஒரு கதை. அதுவும் நம்ம ஏரியாவிலேயே நடந்தது.

2019-ல் சென்னை கோயம்பேட்டில் ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூணாம் கட்டம் வரைக்கும் சுத்தம் பண்ணி, ஆர்ஓ முறையில் வடிகட்டுற நிலையத்தைச் சென்னைக் குடிநீர் வாரியம் தொடங்கியது. அந்தத் தண்ணி குடிக்கிறதுக்கு இல்லை. குழாய் வழியா இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், ஒரகடம், வல்லம் வடகால் சிப்காட் பூங்காக்களுக்கு வருது. நீங்க வேலை பார்க்கிற பிளாண்ட்டில் கூலிங் டவர், பாய்லர், பெயின்ட் ஷாப் மாதிரியான இடங்களுக்கு இப்படிப்பட்ட தண்ணிதான் தேவை. நகரத்துல குளிச்சு, துவைச்சு வெளியே போன தண்ணி ஆலைக்கு மூலப்பொருளா மாறிடுச்சு.

இது ஏன் நடந்தது? ஆலைக்குத் தண்ணி இலவசம் கிடையாது, கிலோலிட்டர் கணக்கில் விலை இருக்கு. வறட்சி வந்தா குடிநீருக்குத்தான் முதல் உரிமை, ஆலை வரிசையில் பின்னாடி நிக்கணும். ஒரு நாள் லைன் நின்னா எவ்வளவு நஷ்டம்னு உங்க பிளாண்ட் ஃபைனான்ஸ் டீமுக்கு நல்லாத் தெரியும். விலையும் இருந்தது, ரிஸ்க்கும் தெரிஞ்சது. அதனால கழிவுநீருக்கும் காசு கொடுத்து வாங்க ஆள் வந்தாங்க. அந்த அளவுக்கு ஏரித் தண்ணியும் நிலத்தடித் தண்ணியும் மிச்சம்.

ஆக "மார்க்கெட் வந்தாலே இயற்கை அழியும்" என்பதும் முழு உண்மை கிடையாது. விலை போட்ட இடத்துல சிக்கனம் வந்திருக்கு. விலை பூஜ்யமா இருந்த இடத்துல சூறையாடல் நடந்திருக்கு.

அப்ப எல்லாத்துக்கும் விலை போட்டுடலாமா?

முடியாது. அதுக்கு ஏரியே சாட்சி.

செம்பரம்பாக்கம் ஏரியை எடுத்துக்கோங்க. முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1 அன்று ஏரியில் இருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணி திறந்து விட்டாங்க. அடையாறு ஊரை மூழ்கடிச்சது, விமான நிலையம் மூடப்பட்டது, ஹூண்டாய், ஃபோர்டு, ரெனோ-நிசான் மாதிரி கார் ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. நாலே வருஷம் கழிச்சு, 2019 கோடையில் அதே செம்பரம்பாக்கம் காஞ்சு வெடிச்சுக் கிடந்தது. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரயில்ல தண்ணி வந்தது. 50 வேகன், வேகனுக்கு 50,000 லிட்டர், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர்.

அந்த ரயில் திட்டத்துக்கு அரசு அறிவிச்ச தொகை 65 கோடி ரூபாய், இலக்கு ஒரு நாளைக்கு ஒரு கோடி லிட்டர். ஆறு மாசம், அதாவது 180 நாள் முழுசா ஓடியிருந்தாக்கூட கணக்கு போட்டுப் பாருங்க: 18 லட்சம் கிலோலிட்டர், ஒரு கிலோலிட்டருக்கு சுமார் 360 ரூபாய். நம்ம உதாரண லாரித் தண்ணி கிலோலிட்டர் 167 ரூபாய்தான். குழாய் போட்ட செலவும் இந்த 65 கோடியில் அடக்கம், அதையும் சொல்லிடணும். இருந்தாலும் ஒரு விஷயம் புரியுது: ஏரி சும்மா செஞ்சுட்டு இருந்த வேலையை வேற வழியில் வாங்கினா இதுதான் ரேட். அது போனது நம்ம வரிப்பணத்தில்.

இவ்வளவு மதிப்பு இருக்கிற ஏரிக்கு மார்க்கெட் ஏன் விலை போடல? ஏரி தர்ற பலன் ஆயிரக்கணக்கான பேருக்குச் சிதறிப் போகுது. வெள்ளத்தைத் தாங்குறது, கிணறுகளை ஊற வைக்கிறது, பறவைகளுக்கு இடம் கொடுக்கிறது. இதுக்கெல்லாம் யாருகிட்ட பில் அனுப்புறது? ஆனா ஏரிக்குப் போற வாய்க்காலை மண் போட்டு மேடாக்கி மனையா வித்தா, அந்தப் பணம் ஒரே ஒருத்தர் கைக்கு, ஒரே பத்திரத்துல வந்துடும். சிதறின பலனும் குவிஞ்ச லாபமும் மோதினா, மார்க்கெட்டில் குவிஞ்ச லாபம்தான் ஜெயிக்கும்.

உங்க மொட்டை மாடியிலேயே இதைப் பார்க்கலாம். 4,000 சதுர அடி மாடி, அதாவது சுமார் 370 சதுர மீட்டர். வருஷத்துக்கு 1,200 மில்லிமீட்டர் மழைன்னு வச்சு, அதுல 80 சதவீதம் பிடிச்சா கிட்டத்தட்ட 355 கிலோலிட்டர். சுமார் 30 லாரி லோடு, 60,000 ரூபாய் மதிப்பு. நம்ம உதாரண அபார்ட்மென்ட் வருஷம் வாங்குற 240 லோடுல எட்டில் ஒரு பங்கு. ஆனா அந்தத் தண்ணியை நிலத்துக்குள்ள விட்டா, உங்க போருக்கு மட்டும் அது வராது, பக்கத்துத் தெரு போருக்கும் போகும். "நான் செலவு பண்ணி அவனுக்கு எதுக்கு?"ன்னு ஒவ்வொருத்தரும் நினைச்சா யாருமே பண்ண மாட்டாங்க. அதனாலதான் 2003-ல் தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கினாங்க. விலையால முடியாததைச் சட்டம் செய்ய வேண்டியிருந்தது.

சட்டம் மட்டும்தான் வழியா? அதுவும் இல்லை. அந்தக் காலத்துல ஊர்க்காரங்களே சேர்ந்து ஏரியைத் தூர்வாரி, கரையைக் கட்டி, தண்ணியைப் பங்கு போட்ட குடிமராமத்து முறை நம்ம கிட்ட இருந்தது. இப்படிப் பொதுச்சொத்தை மக்களே விதி போட்டுக் காப்பாத்த முடியும்னு உலகம் முழுக்க ஆராய்ஞ்சு காட்டினதுக்குத்தான் எலினார் ஆஸ்ட்ரோமுக்கு 2009-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைச்சது. விலை, சட்டம், ஊர்க்கூட்டம் மூணுக்கும் தனித்தனி வேலை இருக்கு. கிலோலிட்டர்ல அளந்து விக்கிறதுக்கு விலை. ஏரி எல்லைக்குக் கோடு போடச் சட்டம். கோட்டைத் தினமும் காவல் காக்க அங்க வாழ்ற ஆட்கள்.

இப்ப உங்க பணத்துக்கு வருவோம்

ஒண்ணு, ஃப்ளாட் வாங்கும்போது தண்ணியை இஎம்ஐயா மாத்திப் பாருங்க. வருஷம் 12,000 ரூபாய் லாரிச் செலவுன்னா சராசரியா மாசம் 1,000. 8.5 சதவீத வட்டி, 20 வருஷம்னா ஒரு லட்சம் கடனுக்கு இஎம்ஐ சுமார் 868 ரூபாய். அதாவது லாரித் தண்ணியை நம்பி இருக்கிற ஃப்ளாட், நல்ல தண்ணி வசதி இருக்கிற ஃப்ளாட்டை விட குறைஞ்சது 1.15 லட்சம் மலிவா இருக்கணும். லாரி ரேட் ஏறும், இஎம்ஐ அந்த அளவுக்கு ஏறாது, அதனால உண்மையான வித்தியாசம் இன்னும் அதிகம். அசோசியேஷன்ல போன கோடையோட மெயின்டனன்ஸ் கணக்கைக் கேளுங்க. பேரம் பேசும்போது இந்தக் கணக்கைக் காட்டுங்க. வாங்குறவங்க கேட்க ஆரம்பிச்சாத்தான் கட்டுறவங்க அடுத்த ப்ராஜெக்டில் மறுசுழற்சி நிலையத்தையும் மழைநீர்த் தொட்டியையும் ஒழுங்காப் போடுவாங்க.

ரெண்டு, மனை வாங்கினா வில்லங்கச் சான்று மட்டும் போதாது. அதுல பதிவான பரிவர்த்தனைகள்தான் தெரியும், அந்த இடம் ஒரு காலத்துல என்னவா இருந்ததுன்னு தெரியாது. அ-பதிவேடு பாருங்க, புல வரைபடம் பாருங்க. ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்குன்னு பக்கத்துல ஏதாவது இருக்கா, உங்க மனை எல்லை அதைத் தொடுதான்னு சர்வேயரை வச்சு அளந்து பாருங்க. 2007-ல் வந்த தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி ஏரி ஆக்கிரமிப்பை அகற்றலாம். வங்கி லோன் கொடுத்துச்சு என்பது அதுக்கு எதிரான கேடயம் இல்லை. மழைக்காலத்துல ஒரு தடவை நேர்ல போய்ப் பாருங்க, தண்ணி எங்க தேங்குதுன்னு ஊர்ல இருக்கிற பெரியவங்ககிட்ட கேளுங்க. புரோக்கரை விட அவங்க சரியாச் சொல்வாங்க.

மூணு, கார், பைக் இன்சூரன்ஸ். தேர்ட் பார்ட்டி பாலிசியில் வெள்ளச் சேதத்துக்கு ஒண்ணும் கிடைக்காது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசி எடுத்திருந்தாலும், தண்ணிக்குள்ள நிக்கிற காரை ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போனா, இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாம பெரும்பாலும் க்ளெய்ம் கிடைக்காது. தாழ்வான பார்க்கிங் இருக்கிறவங்க இதைப் பிரீமியம் மிச்சம் பிடிக்கிற இடமா நினைக்காதீங்க.

நாலு, பங்கு வாங்குறவங்க. 2022-23 நிதியாண்டு முதல், சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் பிஆர்எஸ்ஆர் அறிக்கை கொடுக்கணும்னு செபி கட்டாயமாக்கியிருக்கு. அதுல ஆறாவது கோட்பாடு சுற்றுச்சூழல். கம்பெனி எவ்வளவு தண்ணி எடுத்தது, அதுல நிலத்தடி எவ்வளவு, வெளியாள்கிட்ட வாங்கினது எவ்வளவு, எவ்வளவு வெளியே விட்டதுன்னு கிலோலிட்டர்ல இருக்கும். ரெண்டு மூணு வருஷ அறிக்கையைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. விற்பனை ஏறும்போது நிலத்தடித் தண்ணியும் அதே வேகத்துல ஏறுதுன்னா, திருப்பூர் மாதிரி ஒரு பில் பாக்கி இருக்கலாம். அது இன்னைக்கு லாபக் கணக்கில் தெரியாது.

அஞ்சு, அபார்ட்மென்ட்டில் வீட்டுக்கு வீடு தண்ணி மீட்டர். 40 வீடும் சமமாப் பங்கு போட்டா, நான் ஒரு பக்கெட் மிச்சம் பிடிச்சதோட பலன்ல நாற்பதில் ஒரு பங்குதான் எனக்கு வரும். மீட்டர் போட்டா முழுப் பலனும் எனக்கே. மேலே பேசின மொத்தப் பொருளாதாரமும் இந்தச் சின்ன டப்பாவுக்குள்ள இருக்கு. அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் இதை அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லுங்க, கூடவே மழைநீர்க் குழியைக் கடைசியா எப்ப சுத்தம் பண்ணினாங்கன்னும் கேளுங்க.

இதுல சொன்ன தொகைகளில் லாரி ரேட், வட்டி விகிதம் ரெண்டும் உதாரணத்துக்கு வச்சது. உங்க அபார்ட்மென்ட் கணக்கையும், உங்க வங்கி வட்டியையும் போட்டு நீங்களே மாத்திப் பாருங்க. இந்தக் கணக்கை எக்ஸெல் ஷீட்டில் எப்படிப் போடுறதுன்னு சேனல்ல அடுத்த வீடியோவில் காட்டுறேன். இது பொதுவான விளக்கம், எந்தப் பங்கையும் மனையையும் வாங்கச் சொல்ற பரிந்துரை கிடையாது. போன கோடையில் உங்க வீட்டுக்கு லாரித் தண்ணிச் செலவு எவ்வளவு வந்ததுன்னு ஏரியா பேரோட கமெண்ட்ல போடுங்க. அந்தப் பக்கம் வீடு தேடுற இன்னொருத்தருக்கு அந்த ஒரு வரி உதவும்.